சகலையின் வேர்வை

இது வேர்வை இல்லை. எனக்கு அவ்வளவாக வேர்க்காது. உக்கடத்தில் ஏறும்போது தண்ணீர் பாட்டிலின் மூடி சரியாக மாட்டவில்லை, சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. கைக்குட்டை நீட்டினீர்களே, அது பெரிய மனசு. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மடியில் இருப்பதா? சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுகிற ஹெல்மெட். சைக்கிள் முன்னாலேயே பழனிக்குப் போய்விட்டது, என் சகலையின் வேனில். மாமனார், மாமியார், என் மனைவி, அவள் தங்கை எல்லோரும் அதில்தான் போயிருக்கிறார்கள். ஆபீஸ் வேலை இருக்கிறது, பின்னாலேயே பஸ்ஸில் வருகிறேன் என்று சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. யோசிக்க மூன்று மணி நேரம் வேண்டியிருந்தது. இன்றைக்கு மலையடிவாரத்தில் சைக்கிளுக்குப் பூஜை. நாளைக் காலை அதில் ஏறி, நூறு கிலோமீட்டருக்கு மேல், கோயம்புத்தூர் வரைக்கும் நான் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். மாமியாரின் வேண்டுதல். அந்தச் சைக்கிளில் ஏறுவதா வேண்டாமா என்று பழனி வருவதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும். ஏறினால் உயிரோடு வீடு வந்து சேருவேனா என்று தெரியவில்லை. ஏறவில்லை என்றால், ஏன் ஏறவில்லை என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்களுக்குச் சகலை உண்டா? மூன்று பேரா! அப்படியென்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூடப் பிறந்தவன் என்றால் சண்டை போடலாம். சகலையிடம் என்ன செய்ய முடியும்? சிரிக்கத்தான் முடியும். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்கள். ஒருவன் உட்கார்ந்தால் இன்னொருவன் நின்றிருப்பது தெரிந்துவிடும்.

என் சகலை பெயர் ஞானவேல். சிங்காநல்லூரில் மோட்டார் வைண்டிங் கடை. கருகிப்போன மோட்டாரைப் பிரித்துத் தாமிரக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பது தொழில். நான் மெல்போர்னில் பத்தொன்பது வருடம். மாமனார் தோட்டத்து மோட்டார் புகைந்தால் ஓடுவது அவர். வாட்ஸ்அப்பில் விசாரிப்பது நான். மூன்று வருடம் முன்னால் நான் திரும்பி வந்து வடவள்ளியில் வீடு வாங்கியபோது, கிரகப்பிரவேசத்துக்கு மாமனார் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஒயரிங் எல்லாம் சின்ன மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சீங்களா?"

பரவாயில்லை. அதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

சைக்கிளுக்கு வருகிறேன். மெல்போர்னிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே உயிருள்ள பொருள் அது. சிரிக்காதீர்கள். நாற்பது வயதில் அங்கே தனியாக மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த என்னை மனிதனாக்கியது அதுதான். இங்கே வந்தபிறகு தெருவில் ஓட்ட முடியவில்லை. நாய், மணல் லாரி, ஆனி ஆடி மாதத்துக் காற்று. அதனால் வீட்டில் ஓர் அறையில் வைத்து ஓட்டினேன். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஓர் இரும்புக் கருவியில் மாட்டிவிட்டால் சைக்கிள் நின்ற இடத்திலேயே ஓடும். நீங்கள் மிதிக்க மிதிக்க மலை ஏறுகிற மாதிரி கனக்கும். மருதமலையே என் படுக்கையறைக்குள் இருக்கும், போங்கள்.

அதில் ஒரே ஓர் ஆபத்து, வேர்வை. வெளியே ஓட்டினால் காற்று துடைத்துக்கொண்டு போய்விடும். அறைக்குள் நீங்கள் நின்ற இடத்தில் நிற்கிறீர்கள். சொட்டுகிறதெல்லாம் நேராகச் சைக்கிள் மேல். வேர்வை என்றால் வெறும் தண்ணீரா? உப்பு. கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான். திருகாணி, கைப்பிடி, அதைக் கவ்விப் பிடிக்கிற இடம், எல்லாவற்றையும் உப்பு உள்ளேயிருந்து தின்றுவிடும். மேலே டேப் சுற்றியிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது.

நான் எப்படிப் பாதுகாத்தேன் தெரியுமா? முதலில், எதிரே ஒரு பெரிய மேஜை விசிறி. வேர்க்க விட்டால்தானே சொட்டும். இரண்டாவது, கைப்பிடியிலிருந்து சீட் வரைக்கும் முக்கோணமாக இழுத்துக் கட்டுகிற ஒரு துணி. அதற்கென்றே விற்கிறார்கள். சொட்டுகிறதை அது வாங்கிக்கொள்ளும். மூன்றாவது, கைப்பிடி மேல் தடிமனான ஒரு டர்க்கித் துண்டு. ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கம்பியெல்லாம் துடைப்பேன். பிறகு உலர்ந்த துணி. வாரம் ஒருமுறை திருகாணிகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய். அந்த டர்க்கித் துண்டை அப்படியே கைப்பிடி மேலேயே விரித்துவிடுவேன். மறுநாள் வரைக்கும் அங்கேயே காயும், தூசியும் விழாது. பிள்ளையைப் போர்த்தித் தூங்க வைப்பது மாதிரி. என் மனைவி சாருலதா கதவருகே நின்று பார்த்துவிட்டு, "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நெத்தியத் தொட்டுப் பாத்தீங்களா?" என்பாள்.

போன ஆனியில் ஞானவேலுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் உடற்பயிற்சி செய்ய வேண்டுமாம். உடனே மாமியார் எனக்குப் போன் போட்டார்.

"மாப்பிள்ளை, உங்க ரூம்ல சைக்கிள் சும்மாதான நிக்குது?"

"சும்மா இல்லீங்க அத்தை, சாயங்காலம் நான் ஓட்டறேன்."

"அதேதான் சொல்றேன். காலைல சும்மாதான நிக்குது?"

என்ன பதில் சொல்வீர்கள்? மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு வாசலில் நிற்கிறார். கையில் ஒரு தூக்குப் போசி, தோட்டத்துப் பால். "அண்ணா, தொந்தரவு பண்றனுங்களா?" இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொன்னேன்.

ஏறி உட்கார்ந்தார். விசிறியைப் போட்டேன். "வேண்டாமுங்ணா, நிறுத்திருங்க" என்றார். ஏன் என்றேன். "வேர்வையிலதானுங்ணா சக்கரை வெளிய போகுது. காத்து வாங்கினா உள்ளயே நின்னுக்கும்." யார் சொன்னது என்றேன். கடைக்கு வருகிற ஒரு போர்வெல்காரர் சொன்னாராம். நான் படித்தவன், விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இருந்தாலும் வேண்டாமுங்ணா" என்றார்.

வேர்த்தது பாருங்கள்! ஒரு மனிதருக்குள் அவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மூக்கு நுனி, மோவாய், முழங்கை, மூன்று இடத்திலிருந்தும் ஒரே சமயத்தில் சொட்டியது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் இல்லாமல் சோறு இறங்காத ஆள். அந்த வேர்வையில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ரத்த அழுத்தம். மூன்று வருடமாகச் சாப்பாட்டில் பாதி உப்புதான். என் வேர்வையில் உப்பு எங்கிருந்து வரும்?

பத்தாம் நாள் அந்த முக்கோணத் துணியைக் கழற்றி வைத்திருந்தார். தொடையில் உரசுகிறதாம். நான் திரும்பக் கட்டினேன். அவர் திரும்பக் கழற்றினார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரு மாதம் இப்படியே நடந்தது. நீங்களே சொல்லுங்கள், இன்னொருவராக இருந்தால், "யோவ், வேர்வையைத் துடைச்சுட்டுப் போய்யா" என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டு மாப்பிள்ளையிடம் அந்த வீட்டு இன்னொரு மாப்பிள்ளை அதைச் சொல்ல முடியுமா? சாருவை விட்டு மைதிலியிடம் சொல்லச் சொன்னேன். மைதிலி அவள் தங்கை, ஞானவேலின் மனைவி. சாரு சொல்லியிருக்கிறாள். அது மாமியார் காதுக்குப் போய், அவர் எனக்குப் போன் போட்டு, "வேர்க்கறது ஒரு குத்தமா மாப்பிள்ளை? உழைக்கற ஒடம்பு" என்றார். அப்போது நான் உழைக்காத உடம்பா? சொல்லுங்கள்.

சரி. இதெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன்.

ஆவணியில் மாமனாருக்கு எழுபது. வீட்டோடு ஹோமம் வைத்து, நெருங்கின சொந்தம் எண்பது பேருக்குச் சாப்பாடு. பந்தியில் பக்கத்தில் ஞானவேல். எதிர் வரிசையில் யாரோ, "என்னப்பா எளைச்சுட்டே?" என்று கேட்டார்கள். இவர் பெருமையாக, "அண்ணன் சைக்கிள்தானுங்க. அண்ணன் அதைப் பொன்னாட்டம் பாத்துக்கறாரு. அதுக்குக் கோமணமெல்லாம் கட்டி வெச்சிருக்காருங்க" என்றார்.

முதலில் எதிர் வரிசை சிரித்தது. பிறகு சாம்பார் வாளியோடு நின்றவர்கூடச் சிரித்தார். மாமனார் மணக்கோலத்தில், மாலையும் கழுத்துமாக, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சைக்கிளுக்குமா கோமணம்? ஆஸ்திரேலியா கோமணமா மாப்பிள்ளை?" அவர் அப்படி என்னோடு சேர்ந்து சிரித்ததே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்ததுதான் முதல் தடவை. அன்றிலிருந்து சின்னப் பிள்ளைகள் வரைக்கும் எனக்குப் பெயர் 'கோமணத்துப் பெரியப்பா'. ஞானவேல் சாயங்காலம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, வாயில வந்துருச்சு." நான் என்ன சொன்னேன்? "அட, இதுல என்ன இருக்கு." சிரித்தேன். பல் எல்லாம் தெரியச் சிரித்தேன்.

அன்றைக்குத்தான் நான் மனசுக்குள் எழுதிக்கொண்டேன். இந்த ஆள் ஒருநாள் எல்லோர் முன்னாலும் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கோமணத்துக்கு இல்லை, வேர்வைக்கு.

ஐப்பசியில் சைக்கிள் குழுக்காரர்கள் ஓர் ஓட்டம் வைத்தார்கள். இருநூறு கிலோமீட்டர். இதே ரோட்டில், ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். போட்டி இல்லை, நேரத்துக்குள் முடித்தால் ஒரு மெடல். நானும் பெயர் கொடுத்தேன், அவரும் கொடுத்தார். அவரிடம் இருந்தது கியர் இல்லாத பழைய வண்டி. ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை, புது டேப் சுற்றலாம் என்று பழையதைப் பிரித்தேன். வலது பக்கம், கைப்பிடியைக் கவ்விப் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வெள்ளையாகப் பொடி. விபூதிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி. விரலால் தள்ளினால் அடியில் பட்டாணி அளவுக்குப் பள்ளம். திருப்புளி நுனியை வைத்து அழுத்தினேன். உள்ளே போனது. அலுமினியம், ரஸ்க் மாதிரி.

போட்டோ எடுத்துக்கொண்டு சைக்கிள் கடை மெக்கானிக் ஹாரூனிடம் ஓடினேன். "இது ஒடைஞ்சிரும் சார், ஓட்டாதீங்க" என்றார். ஒரு பெரிய வேகத்தடை போதுமாம். என் சகலையின் வேர்வை இப்படிச் செய்துவிட்டது என்றேன். அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது சொட்டினதுல வந்த மாதிரி தெரியலையே சார். ஈரம் நாள் கணக்கா ஒரே எடத்துல ஒக்காந்திருக்கு. தொடைக்கற துண்டை எங்க காயப் போடறீங்க?" என்றார். கைப்பிடி மேலேயேதான் என்றேன். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வேறு வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் கடை மோட்டாருக்கும் வைண்டிங் செய்வது ஞானவேல்தான் போலிருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் அவர் பக்கம் பேச வேண்டும்?

வீட்டுக்கு வந்தேன். பொடியைச் சுத்தமாகத் துடைத்தேன். பள்ளத்தின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். ஏன் தேய்த்தேன் என்று கேட்காதீர்கள், கை செய்தது. அது மேல் புது டேப்பைச் சுற்றினேன். கறுப்பு டேப். அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். "ஞானவேல், எனக்கு முட்டி வலி, இந்தத் தடவை நான் வரலை. நீங்க என் சைக்கிள்லயே போங்க."

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அண்ணா, அது உங்க உசுருங்களே."

"உங்களை விடவா?" என்றேன்.

மைதிலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமனார் என்னைப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது, பொய் சொல்லவில்லை. சாரு மட்டும், "முட்டி வலியா? எப்ப இருந்து?" என்றாள்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்காதீர்கள். நான் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஓட்டம் கிளம்புகிற இடத்திலிருந்து இருநூறு மீட்டரில் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் போவார்கள், கூட்டமாக. அங்கே உடையும். கீழே விழுவார், முழங்கையில் சிராய்ப்பு. எல்லோரும் ஓடி வருவார்கள். ஹாரூனும் அங்கே இருப்பார், உப்பு தின்றுவிட்டது என்பார், முன்னாலேயே என்னை எச்சரித்ததை வாயைத் திறந்து சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். யார் வேர்வை என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. அவரே மன்னிப்புக் கேட்பார். அவ்வளவுதான் என் கணக்கு. ஒரு சிராய்ப்பு. அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

முதல் வேகத்தடையில் உடையவில்லை. இரண்டாவதில் உடையவில்லை. கிணத்துக்கடவு தாண்டிவிட்டது. பொள்ளாச்சி தாண்டிவிட்டது. நான் வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இடையில் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்களா? கூப்பிட்டு என்ன சொல்வது? ஓட்டுகிறவர் போனை எடுக்கவும் மாட்டார். எடுத்திருப்பாரா? தெரியாது, நான் கூப்பிடவில்லை. அந்த அலுமினியம்கூட அவருக்கு விசுவாசமாக இருந்திருக்கிறது பாருங்கள், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தாங்கியிருக்கிறது.

பிடித்துக்கொள்ளுங்கள், இங்கே குலுக்கும். கோமங்கலம் வந்துவிட்டது. இதோ, இந்த வேகத்தடைதான். இறக்கத்தில் வந்திருக்கிறார். கைப்பிடி வலது பக்கம் முறிந்து கையோடு வந்துவிட்டது. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. தகடு வைத்துத் தைத்தார்கள். மூன்று விரலில் இன்றைக்கும் உணர்ச்சி இல்லை. திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்கிறார் டாக்டர். வைண்டிங் செய்கிறவருக்கு விரல்தான் எல்லாம். தலைமுடி மாதிரி கம்பி, சுற்று எண்ணிக்கை தப்பினால் மோட்டார் போயிற்று. கடையில் இப்போது வேறு ஆள் வைத்து ஒப்பேற்றுகிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நல்லவேளைங்ணா, நீங்க ஓட்டலை." பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஒடைஞ்ச எடத்தைப் பாத்தேனுங்ணா, எல்லாம் என் வேர்வைதான் தின்னிருக்கு. நீங்க அத்தனை தடவை அந்தத் துணியைக் கட்டினீங்க, நாந்தான் கழட்டிக் கழட்டிப் போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

கேட்டுவிட்டார்! நான் ஆசைப்பட்டதை, ஆசைப்பட்ட மாதிரியே, எல்லோர் முன்னாலும். அதை வாங்கி எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "அட, இதுல என்ன இருக்கு" என்று மறுபடியும் அதையே சொன்னேன்.

அதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார். தை வரைக்கும் பெரிய மாப்பிள்ளைக்கு வாகனத்தில் கண்டம் என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம். என்னிடம் சொல்லாமல் பரிகாரம் செய்துகொண்டிருந்தாராம். அந்தக் கண்டத்தைச் சின்ன மாப்பிள்ளை தன் மேல் வாங்கிக்கொண்டாராம். "உங்க உசுருக்கு வந்தது அவரு கையோட போயிருக்குது மாப்பிள்ளை. அதை மறந்துறாதீங்க." இப்போது பாருங்கள், விழுந்ததிலும் அவர்தான் மேலே. நான் உயிர்ப்பிச்சை வாங்கியவன். பொங்கலுக்கு அவருக்குத்தான் முதல் இலை. கைக்கு ஆகாது என்று பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து கொடுத்தது யார்? நான்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அந்த உடைந்த கைப்பிடியைக் கேட்டார். "தூக்கிப் போட்டுராதீங்கண்ணா, ஒரு தடவை பாக்கணும்." கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால் டேப்பைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். என் முன்னாலேயே. அரைமணி நேரம் ஆனது. பிரித்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "டேப் புதுசுங்ளாண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லாச் சுத்தியிருக்கீங்க. அடியிலயும் சுத்தமாத் தொடச்சுத் தேச்சிருக்கீங்க. வைண்டிங் பண்றவன்கூட இவ்வளவு பதனமாச் செய்ய மாட்டான்." சிரித்தார். நானும் சிரித்தேன். பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. வீட்டுக்கு வந்து சாருவிடம்கூடச் சொன்னேன், என் வேலையைப் பாராட்டினார் என்று. அந்த உப்புத்தாள் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

போன வெள்ளிக்கிழமை வேனோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். இறக்கினால், புதுச் சைக்கிள். என் பழையதைவிட நல்லது. "உங்க உசுரு போச்சு என்னாலங்ணா. அதுக்குத்தான்." எல்லோரும் கூடவே வந்திருந்தார்கள். மாமியார் அங்கேயே வேண்டுதலைச் சொன்னார். கண்டம் கழிந்த மாப்பிள்ளை பழனியிலிருந்து சைக்கிளிலேயே வீடு வந்து சேர வேண்டும். அந்த யோசனை யாருடையது என்று பிறகுதான் மைதிலி சொன்னாள். ஞானவேல் சொன்னதுதானாம்.

நான் சைக்கிளைத் தொட்டுப் பார்த்தேன். கைப்பிடியில் டேப் அப்பழுக்கில்லாமல் இருந்தது. கடைக்காரர் நன்றாகச் சுற்றியிருக்கிறார் என்றேன்.

"கடைக்காரர் இல்லீங்ணா, கடையில சுத்தினதைப் பிரிச்சுட்டு நானே சுத்தினேன். எடது கையில. ரெண்டு நாளாச்சு." கைப்பிடியை என் பக்கமாகத் திருப்பினார். "பிரிச்சு கிரிச்சுப் பாத்துறாதீங்க. இன்னொரு தடவை என்னால சுத்த முடியாது."

அப்போதுதான் எனக்கு அந்தச் சிரிப்பு புரிந்தது. பாராட்டு இல்லை அது.

கடையில் சுற்றியதை ஏன் பிரிக்க வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள். பிரித்துப் பார்த்தால் பத்து நிமிட வேலைதான், எனக்குத் தெரியாதா? பூஜை முடிந்துதான் என் கைக்கு வர வேண்டும் என்று மாமியார் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டதால், ஐந்து நாளாக அந்தச் சைக்கிள் அவர் வீட்டில், அவர் கண் முன்னால் நின்றது. அங்கே போய், "அந்த டேப்பைப் பிரிக்கணும்" என்று எப்படிக் கேட்பது? விரல் போன மனிதர் இரண்டு நாள் இடது கையால் சுற்றியதை ஏன் பிரிக்க வேண்டும் என்று மாமியார் கேட்பார். டேப்புக்கு அடியில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பார் மாமனார். டேப்புக்கு அடியில் என்ன இருக்கலாம் என்று தெரிந்தவன் யார்? ஒரு தடவை சுற்றியவன்தானே. அதனால்தான் சொல்கிறேன், அவர் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் என்னைக் கட்டிப் போட்டுவிட்டார். எவ்வளவு நிதானம் பாருங்கள். சுற்று எண்ணிச் சுற்றுகிறவர் அல்லவா.

மலை தெரிகிறது. வந்துவிட்டோம்.

அதோ பாருங்கள், அந்தப் பழக்கடைக்குப் பக்கத்தில். வேட்டி கட்டிக்கொண்டு, வலது கையில் பட்டை போட்டிருக்கிறாரே, அவர்தான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மாமியார் கையில் மாலை வேறு. எல்லோரும் வந்திருக்கிறார்கள். ஏறி ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள் என்று இங்கேயே சொல்வார்கள்.

சரிதான், முகத்தைப் பார்த்தால் அப்படிப்பட்ட ஆளாகத் தெரியவில்லை. பதினாறு வருடமாக எனக்கும் தெரியும், அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனால் அந்த வியாழக்கிழமை காலை வரைக்கும் நானும் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் சைக்கிள் ஓட்டுவீர்கள்தானே? யாருக்குத்தான் தெரியாது. என்னோடு இறங்கி வாருங்கள், பஸ்ஸில் சிநேகமானவர் என்று அறிமுகப்படுத்துகிறேன். புதுச் சைக்கிளாச்சே, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். மறுக்க மாட்டார், தங்கமான மனிதர். வாசல் பக்கம் ஒரு வேகத்தடை இருக்கிறது, அதுவரைக்கும் போய்த் திரும்பினால் போதும். மெதுவாகத்தான். விழுந்தாலும் ஒரு சிராய்ப்பு, அதற்கு மேல் என்ன?

ஏன் எழுந்துவிட்டீர்கள்? பஸ் இன்னும் நிற்கவில்லையே.